பிரட்டுக்களத்தில் ஏழு கொக்கிகள்

எங்கள் கடைத்தெருவின் நடுவில் கம்பனி அலுவலகம் இருந்தது என்று எல்லோரும் சொல்வார்கள். அது சரியில்லை. அலுவலகம்தான் முதலில் வந்தது. மாவனல்லையிலிருந்து ரம்புக்கனைப் பக்கம் போகும் பாதையில், ரப்பர் மலையின் அடிவாரத்தில், வெள்ளைக்காரக் கம்பனி ஓர் ஓட்டுக் கட்டடம் கட்டி, சுற்றி மதில் எழுப்பியது. அந்த மதிலை ஒட்டிப் பேக்கரி வந்தது, தபாலகம் வந்தது, மாவனல்லை முஸ்லிம் வியாபாரிகளின் துணிக்கடைகள் இரண்டு வந்தன. பிறகு ஞாயிற்றுக்கிழமைச் சந்தை வந்தது. அறுபத்து நான்கில் நான் அங்கே கிளாக்கராகச் சேர்ந்தபோது மதிலுக்கு வெளியே இருபத்தாறு கடைகள். மதிலுக்கு உள்ளே இரண்டு ஏக்கர் நிலம், மூன்று மாரா மரங்கள், பதினொரு ஜன்னல்கள், ஒரு மணி. மதிலின் மேல் பதித்திருந்த போத்தல் துண்டுகளையும் எண்ணத் தொடங்கி, இருநூற்றைத் தாண்டியதும் விட்டுவிட்டேன்.

நான் தோட்டத்தில் பிறந்தவன். எஸ்.எஸ்.சி. வரை படித்ததால் பேனா கிடைத்தது. ஆனால் என் உண்மையான தொழில் தலைகளை எண்ணுவது. அலுவலகத்துக்கு முன்னால் இருந்த மண்தரைதான் பிரட்டுக்களம். விடியற்காலையில் மணி அடித்தால் தொழிலாளர்கள் வந்து வரிசையில் நிற்பார்கள். ஆண்கள் வலப்புறம், பெண்கள் இடப்புறம். வரிசை கோணாமலிருக்க வெள்ளையடித்த கற்கள் பதித்திருந்தார்கள், முப்பத்திரண்டு. துரை சிமெந்துப் படியில் நிற்பார். அவர் வராத நாட்களில் நான் நிற்பேன். ஆட்காட்டி விரலை நீட்டி ஒவ்வொரு தலையாக எண்ணி, செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் பதிவேன். அதற்குத் தோட்டத்தில் ‘பேர் போடுவது’ என்று பெயர். முழு நாள் வேலைக்கு முழுப்பேர், பாதி வேலைக்கு அரைப்பேர்.

இன்னொரு பழக்கமும் இருந்தது. அலுவலக மதிலைக் கடக்கும்போது தோட்டத்து ஆட்கள் குடையை மடக்கிவிடுவார்கள். சட்டம் என்று எங்கும் எழுதப்படவில்லை. என்ன மழை பெய்தாலும் மதில் தொடங்கும் இடத்தில் குடை மடங்கும், மதில் முடியும் இடத்தில் விரியும். ஒன்பதாவது ஜன்னல் என் ஜன்னல். அதிலிருந்து பார்த்தால் மதிலுக்கு மேலே குடைகள் வந்து வந்து அணைவது தெரியும்.

எழுபத்தைந்தில் கம்பனித் தோட்டங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. புதிய நிர்வாகம் எங்கள் பிரிவின் வேலையை மலைமேல் இருந்த தொழிற்சாலையோடு சேர்த்தது. பிரட்டு அங்கே போயிற்று. ரப்பர்ப் பால் நிறுப்பதும் அங்கே போயிற்று. மேசைகளை லொறியில் ஏற்றினார்கள். சாவிக்கொத்தையும் ஆட்கள் உட்காரும் பதினான்கு பழைய வாங்குகளையும் என்னிடம் விட்டுவிட்டு, கேகாலையிலிருந்து உத்தரவு வரும்வரை கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். கேட்டுக்குப் பூட்டுப் போட்டேன். உள்ளே புல் முழங்கால் அளவு வளர்ந்தது.

அந்தப் பூட்டை என்னைத் திறக்க வைத்தது என் மனைவி. அவள் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவைப் பார்த்துக்கொண்டாள். வேலைக்குப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் அறை அது. கிளாக்கர் பெண்சாதிக்கு ஆயா வேலை எதற்கு என்று ஊர் பேசியது. பேசியவர்களின் குழந்தைகளையும் அவள்தான் ஆட்டினாள்.

சந்தை நாளில் தாய்மார் மலையிலிருந்து குழந்தைகளோடு இறங்குவார்கள். சாமான் வாங்கியபின் பஸ் வரும்வரை உட்கார இடமில்லை. மதிலுக்கும் பாதைக்கும் நடுவில் ஒரு முழ அகலக் கான் கட்டு, வடிகாலின் விளிம்பு, இருந்தது. அதில் கால்களைத் தொங்கவிட்டு உட்கார்ந்து பால் கொடுப்பார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை லொறி ஒன்று பஸ்ஸுக்கு விலக வந்து, ஒருத்தியின் பக்கத்திலிருந்த மூட்டையின் மேல் ஏறிவிட்டது. குழந்தை மூட்டைக்கு இந்தப்புறம் கிடந்தது. அதற்கு ஒன்றும் ஆகவில்லை. அரிசி தாரோடு ஒட்டிக்கொண்டது. என் மனைவி குனிந்து அதைச் சுரண்டி எடுத்துக்கொண்டே என்னைப் பார்த்தாள். அன்று வீட்டில் அவள் கேட்டது ஒரே கேள்வி.

“உள்ள ரெண்டு ஏக்கரு புல்லு மொளச்சுக் கெடக்கு. சாவி ஒங்க இடுப்புல இருக்கு. யாருக்காகங்க பூட்டி வச்சிருக்கீங்க?”

எனக்குக் கவலைகள் வந்தன. புல்லில் பாம்பு இருக்கலாம். போத்தல் துண்டு விழலாம். உத்தரவில்லாமல் திறந்தால் என் வேலை போகலாம். மூன்று கவலைகளையும் வரிசையாகச் சொன்னேன். அவள் நாலாவது இருக்கிறதா என்று கேட்டாள். இல்லை.

மறுநாள் பேக்கரி முதலாளியிடம் போனேன். சிங்களவர், கிராமசபையில் தலைவராகவும் இருந்தார். தோட்டத்து ஆட்களோடு பேசிப் பேசித் தமிழ் அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு. அந்த நிலத்தை ஊருக்கு எடுக்க வேண்டும் என்று அவருக்கும் எண்ணம் இருந்தது. சபை பெயரில் ஒரு விண்ணப்பம் போட்டோம். கேகாலையிலிருந்து ஓர் அதிகாரி வந்து பார்த்தார். யாழ்ப்பாணத்துக்காரர், நெடிய மனிதர், வெள்ளைச் சட்டையில் ஒரு மடிப்புக்கூடக் குலையாதவர். அரச லொறிகளை நிறுத்த ஓர் இடம் தேடுவதாகவும், இந்த இரண்டு ஏக்கர்தான் கண்ணில் பட்டதாகவும் சொன்னார்.

“சனம் பாவிக்குதெண்டா ஊருக்கு விடலாம். வெறுமனே கிடந்தா லொறிக்குத்தான். மாத முடிவுக்குள்ள ஒரு சந்தை நாளில வந்து பாப்பன்” என்றார்.

அவர் கார் போனபின் முதலாளி கேட்டைக் கழற்றிவிடச் சொன்னார். நான்கு பிணைச்சல்களும் துருப்பிடித்திருந்தன. சைக்கிள் கடைக்காரர் மண்ணெண்ணெய் ஊற்றித் தட்டித் தட்டி எடுத்தார். புல்லை வெட்டினோம், ஒரு சாரைப்பாம்பு ஓடியது, ஒன்றே ஒன்று. மதிலின் பாதைப்பக்கத்துப் போத்தல் துண்டுகளை நானே சுத்தியலால் உடைத்து வாளியில் அள்ளினேன். பதினான்கு வாங்குகளையும் மாரா மரங்களுக்கடியில் போட்டோம். எல்லாம் தயார் என்று நினைத்தோம்.

அடுத்த சந்தை நாளில் யாரும் உள்ளே வரவில்லை. கேட்டில்லாத வாசலைப் பார்த்துக்கொண்டே போனார்கள். குடைகள் மதில் ஓரத்தில் பழையபடி மடங்கி விரிந்தன. தாய்மார் அதே கான் கட்டில் உட்கார்ந்தார்கள். மத்தியானம் வரை பொறுத்தேன். கூப்பிடாமல் எப்படி வருவார்கள் என்று எனக்கே நியாயம் சொல்லிக்கொண்டு, போய் மணியை அடித்தேன்.

வந்தார்கள். சந்தையில் பேரம் பேசிக்கொண்டிருந்தவர்கள் பேரத்தை விட்டு வந்தார்கள். வந்தவர்கள் நேரே வெள்ளைக் கற்களுக்கு நடுவில் போய், ஆண்கள் வலப்புறமும் பெண்கள் இடப்புறமுமாக நின்றார்கள். தலைத்துண்டுகள் தோளுக்கு இறங்கின. மடித்துக் கட்டிய சாரங்கள் அவிழ்ந்து விழுந்தன. முன்வரிசையில் நின்ற, ரப்பர் மரம் சீவும் பால்வெட்டுக்காரர் ஒருவர் கேட்டார்:

“கிளாக்கரய்யா, இன்னிக்கு அரப்பேரா முழுப்பேரா?”

வேலை ஒன்றும் இல்லை, சும்மா உட்காரத்தான் கூப்பிட்டேன் என்றேன். அவர் பின்னால் திரும்பி ஏதோ சொன்னார். யாரும் அசையவில்லை. வேலையும் இல்லாமல் பேரும் போடாமல் எதற்கு மணி என்று அவர்களுக்கு விளங்கவில்லை.

அதற்குள் இன்னொன்று நடந்தது. அவை பாண் எனும் ரொட்டிக்கும் அரிசிக்கும் சீனிக்கும் மனிதர் விடியும் முன்பே வரிசை பிடித்த வருடங்கள். எங்கள் ஊரில் வரிசைக்குப் போலிம் என்றுதான் பெயர். எங்கே போலிம் கண்டாலும் முதலில் அதன் வாலில் போய் நிற்பது, என்ன கொடுக்கிறார்கள் என்பதைப் பிறகு கேட்பது, இதுதான் வழக்கம். பாதையில் போன சிங்கள ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். நீண்ட வரிசை. ரேஷன் கூப்பன் புத்தகத்தையும் பையையும் எடுத்துக்கொண்டு பின்னால் சேர்ந்துவிட்டார்கள். ‘மொனவத பெதன்னே?’ என்று ஒருவரை ஒருவர் கேட்டார்கள். என்ன பகிர்கிறார்கள் என்று அர்த்தம். துணிக்கடையிலிருந்து இரண்டு பேர் ஓடி வந்தார்கள். வால் வாசலைத் தாண்டித் தபாலகம் வரை போயிற்று.

பேக்கரி முதலாளி தன் கடைவாசலில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“மாத்தயா, ஒங்க ஆளு மணி கேட்டா நிக்கிறான். எங்க ஆளு போலிம் பாத்தா நிக்கிறான். ரெண்டு பேருக்கும் ஒரே வியாதி.”

ஒன்றும் பகிரவில்லை என்று தெரிந்ததும் வால் திட்டிக்கொண்டே கலைந்தது. ஒருவர் என்னைப் பார்த்து, இல்லாத சீனிக்கு மணி எதற்கு என்று கேட்டார். எங்கள் ஆட்கள் திட்டவில்லை. கலைந்து போங்கள் என்று நான் சொல்லும்வரை வெயிலில் நின்றுவிட்டு, வரிசை வரிசையாகவே வெளியே போனார்கள். எனக்கு அதுதான் அதிகமாகச் சுட்டது. பதினான்கு வாங்குகளில் ஒன்றில்கூட ஒருவரும் உட்காரவில்லை.

அன்று வீட்டில் என் மனைவியிடம் கேட்டேன், மணி அடித்ததுதானே பிழை என்று.

“மணி மட்டுமா? படியில ஏறி வெரல நீட்டிக்கிட்டு நின்னீங்களே.”

“நான் சும்மாதான் எண்ணுனேன்.”

“அது பேரு போட்ட வெரலுங்க. சும்மா நீட்டுனீங்களா, பேரு போட நீட்டுனீங்களான்னு அவுங்களுக்கு எப்பிடித் தெரியும்? ஒங்க வெரலு இருக்கங்காட்டியும் ஒருத்தரும் உக்காரமாட்டாங்க.”

நான் படியில் ஏறியது எனக்கே நினைவில்லை. ஆனால் எத்தனை பேர் என்று நினைவிருந்தது: நூற்றுப் பதினேழு. ஆகவே எண்ணித்தான் இருக்கிறேன்.

மறுநாளே வேலையைத் தொடங்கினோம். மணியை இறக்கிப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்தோம். முப்பத்திரண்டு கற்களையும் கடப்பாரையால் கிளப்பி, மரங்களைச் சுற்றி உருட்டி வைத்தோம். வேருக்கு மண் அணைக்க உதவியது. படியை உடைக்கலாமா என்று பார்த்தோம், கம்பனிச் சிமெந்து, கடப்பாரைதான் வளைந்தது. முதலாளி யோசித்துவிட்டுத் தன் கண்ணாடிப் பாண் பெட்டியைத் தூக்கிவந்து படியின் மேல் வைத்தார். படி முழுவதையும் அது அடைத்துக்கொண்டது. இனி அங்கே ஏறி நிற்க வேண்டுமென்றால் பாணாகப் பிறக்க வேண்டும் என்றார். கோதுமை மா கிடைக்கும் நாட்களில் அதில் பணிசு என்ற இனிப்பு பன்னும் பாணும் இருக்கும், கிடைக்காத நாட்களில் பெட்டி மட்டும் இருக்கும்.

கொட்டகை என் மனைவியின் யோசனை. பால் நிறுக்கும் நீளக் கொட்டகை களத்தின் ஓரத்தில் இருந்தது. புளித்த ரப்பர்ப் பாலின் வாடை இன்னும் போகவில்லை. அதன் விட்டத்தில் தராசு தொங்கவிட்ட இரும்புக் கொக்கிகள் ஏழு. அவள் தரையைச் சாம்பலும் சுண்ணாம்பும் போட்டு இரண்டு முறை கழுவினாள். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைக்காம்பராவிலிருந்து பழைய சேலைகளைக் கொண்டுவந்து ஏழு கொக்கியிலும் ஏழு தொட்டில் கட்டினாள். ஒவ்வொரு கொக்கியிலும் நான் என் முழு எடையோடு தொங்கிப் பார்த்தேன். மூன்றாவது கொஞ்சம் முனகியது. அதற்கு மட்டும் புது ஆணி அடித்தேன்.

அவள் யாரையும் கூப்பிடவில்லை. வெளியே போய், கான் கட்டில் உட்கார்ந்திருந்த ஒருத்தியின் மடியிலிருந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே நடந்தாள். தாய் பின்னால் வராமல் என்ன செய்வாள்? அவளுடைய நாத்தனார் வந்தாள். தொட்டில் ஆடியது. இரண்டாவது குழந்தையையும் அப்படியே தூக்கினாள். நாலாவது தொட்டிலுக்குக் குழந்தை தானாகவே வந்தது. ஆறாவதில் ஒரு சிங்களத் தாய் வந்து தன் பிள்ளையைப் போட்டாள், எவரையும் கேட்காமல்.

தொட்டிலை வரிசையில் நின்று ஆட்ட முடியாது. தாய்மார் தரையில் உட்கார்ந்தார்கள். பெண்சாதியைத் தேடி ஆண்கள் வந்தார்கள். வந்தவர்களுக்கு மரத்தடி வாங்கு தெரிந்தது. துணிக்கடைக்காரர் ஒருவர் கேரம் பலகையை வெளியே கொண்டுவந்தார். சந்தையில் வெயிலில் கிடந்த கீரைக்காரப் பெண்கள் இருவர் கூடையோடு நிழலுக்கு நகர்ந்தார்கள். முதலாளி வானொலியை ஜன்னலில் வைத்துத் திருகினார். நான் ஒன்பதாவது ஜன்னலுக்குப் பின்னால் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். எண்ணக்கூடாது என்று மனைவி சொல்லியிருந்தாள். கேரம் பலகையில் விழுந்த காய்களை எண்ணினேன். அதை அவள் தடுக்கவில்லை.

அதிகாரி மாத முடிவுக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை வந்தார். வானம் மூடியிருந்தது. காரைப் பாதையில் நிறுத்திவிட்டு உள்ளே வந்து, கொட்டகை வாசலில் நின்று பார்த்தார். அவர் முகத்தில் எதையும் வாசிக்க முடியவில்லை.

“எத்தினை பேர் வருகினம்?” என்றார். “ஒரு எண்ணிக்கை எழுத வேணும். நீர் கணக்குக்கு ஆள் எண்டு சொல்லிச்சினம்.”

எண்ணவில்லை என்றேன். என் வாழ்நாளில் அந்தப் பதிலை ஒரு மேலதிகாரியிடம் நான் சொன்னதில்லை.

“அப்ப நான் எண்ணுறன்” என்று பேனாவை இடக்கைக்கு மாற்றிக்கொண்டு, வலக்கை விரலை நீட்டினார். ஒன்று, இரண்டு, மூன்று.

முதலில் எழுந்தவர் அந்தப் பால்வெட்டுக்காரர். கேரம் பலகையை விட்டு எழுந்து, தலைத்துண்டை இறக்கினார். பக்கத்து வாங்கில் இரண்டு பேர் எழுந்தார்கள். ஒரு கிழவி மடியிலிருந்த வெற்றிலைப் பையை இறக்கி வைத்துவிட்டுக் கையூன்றி எழுந்தாள். கற்கள் இல்லை, படியும் பாண் பெட்டிக்கடியில், ஆனாலும் வலப்புறம் இடப்புறமாகக் கால்கள் நகரத் தொடங்கின. இன்னும் கொஞ்சம் விட்டால் போலிம் வால் தபாலகம் வரை போகும். பிறகு கேகாலைக்குத் திரும்பி இவர் என்ன எழுதுவார்? வேலையாட்களை வரிசையில் நிறுத்திக் காட்டினார்கள் என்று எழுதுவார்.

நான் என் கையை நீட்டி அவருடைய விரலைப் பிடித்தேன். அவர் மணிக்கட்டைப் பிடிக்கத்தான் போனேன், விரல்தான் கையில் அகப்பட்டது.

“ஐயா, வெரல மடக்குங்க.”

“என்ன?”

“எண்ணுனா எந்திரிச்சிருவாங்க ஐயா. இப்பதான் உக்காரப் பழகியிருக்காங்க.”

அவர் என்னைப் பார்த்தார். பிறகு எழுந்து நின்றவர்களைப் பார்த்தார். கையை உருவிக்கொண்டார். கோபமா என்று தெரியவில்லை, காதுகள் சிவந்திருந்தன. என் வேலை போயிற்று என்று நினைத்தேன். போகட்டும் என்றும் நினைத்தேன். அந்த எண்ணம் எனக்கே புதிதாக இருந்தது.

அந்த வேளையில் கொட்டகையிலிருந்து சிங்களத் தாய் வெளியே வந்தாள், ஆறாவது தொட்டில்காரி. அவளுக்கு இவர் யாரென்று தெரியாது. சும்மா நிற்கும் ஓர் ஆண்பிள்ளை என்று மட்டும் கண்டிருப்பாள். “மாத்தயா, மேக பொட்டக் அல்லன்ன” என்று, அதாவது இதைக் கொஞ்சம் பிடியுங்கள் என்று, தொட்டிலை ஆட்டும் நீளக் கயிற்றின் நுனியை அவர் வலக்கையில் கொடுத்துவிட்டுப் பாண் பெட்டியை நோக்கி நடந்தாள். குழந்தை சிணுங்கியது. அவர் இழுத்தார். தொட்டில் ஆடியது. இடக்கையில் பேனா, வலக்கையில் கயிறு. நீட்டுவதற்கு விரல் மிச்சமில்லை.

பால்வெட்டுக்காரர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு தலைத்துண்டைத் தோளிலிருந்து எடுத்துத் தலையில் கட்டிக்கொண்டு, “யாரு காய்ய்யா இது?” என்று கேட்டபடி கேரம் பலகைக்கு முன்னால் உட்கார்ந்தார். கிழவி முணுமுணுத்தபடி வெற்றிலைப் பையை மறுபடி மடிக்கு ஏற்றினாள்.

பாண் வாங்கப் போனவள் திரும்பச் சற்று நேரமாயிற்று. அங்கே கதை பேச ஆள் அகப்பட்டுவிட்டது. அதிகாரி அதுவரை ஆட்டினார். நடுவில் மேலே பார்த்து, இது என்ன கொக்கி என்று கேட்டார். பால் நிறுத்த கொக்கி என்றேன். எவ்வளவு தாங்கும் என்று கேட்டார். அதற்கு என்னிடம் சரியான கணக்கு இருந்தது, சொன்னேன். மூன்றாவதில் புது ஆணி என்பதையும் சொன்னேன். முதன்முறையாக அவர் முகத்தில் ஏதோ தளர்ந்தது.

“உமக்கு எண்ணாமல் இருக்கிறது கஷ்டமாக் கிடக்கும் என்ன?” என்றார்.

கஷ்டம்தான் என்று ஒப்புக்கொண்டேன்.

கயிற்றைத் தாயிடம் கொடுத்துவிட்டு, முதலாளி கொண்டுவந்த, பால் விடாத பிளேன்டியைக் குடித்துவிட்டுக் கிளம்பினார். என்ன எழுதினார் என்று நான் பார்த்ததில்லை. அடுத்த மாதம் கிராமசபைக்கு உத்தரவு வந்தது: நிலம் பொதுமக்கள் பாவனைக்கு. லொறிகள் தொழிற்சாலைப் பக்கம் போயின. என் வேலையும் போகவில்லை. மலைமேல் புது அலுவலகத்தில் மேசை கொடுத்தார்கள். ஜன்னல் இல்லாத மேசை.

பிற்பாடு இனக்கலவரங்கள் நடந்த கெட்ட வருடங்கள் வந்தன. எங்கள் ஆட்கள் மலையை விட்டு இறங்கப் பயந்த ஞாயிற்றுக்கிழமைகளும் இருந்தன. அந்த நாட்களில் ஏழு கொக்கிகளும் வெறுமனே தொங்கின. நானும் என் மனைவியும் மட்டும் போய், கொட்டகையைக் கூட்டி, கொக்கிக்கு எண்ணெய் போட்டுவிட்டு, பேக்கரி முதலாளியோடு ஒரு வாங்கில் உட்கார்ந்துவிட்டு வருவோம். பயமாகத்தான் இருந்தது. யாராவது உட்கார்ந்திருந்தால்தானே மற்றவர்கள் வருவார்கள் என்பாள் என் மனைவி. வந்தார்கள். ஒரேயடியாக இல்லை, ஒன்றிரண்டாக.

அதிகாரி வந்த அன்றைக்கே திரும்புகிறேன். அவர் கார் வளைவைத் தாண்டியதும் மழை பிடித்தது. வாங்கிலிருந்தவர்கள் கொட்டகைக்கு ஓடினார்கள். பாதையிலிருந்து ஒருத்தி கைக்குழந்தையோடு குடை பிடித்து உள்ளே வந்தாள். எங்கள் தோட்டத்து மேல்பிரிவுப் பெண். களத்தின் நடுவில் வந்தபோது நான் நிற்பதைக் கண்டுவிட்டாள். கை தானாக இறங்கியது. குடை பாதி மடங்கியது. குழந்தையின் தலையில் மழை விழுந்தது.

நான் திரும்பிக்கொண்டேன். பாண் பெட்டியைப் பார்த்தேன். உள்ளே பணிசு இருந்தது, எத்தனை என்று எண்ணினேன், ஒன்பது. எண்ணி முடித்துத் திரும்பியபோது அவள் கொட்டகை வாசலில் இருந்தாள். குடை விரிந்தபடியே இருந்தது. என் மனைவி உள்ளேயிருந்து கையை நீட்டிக் குழந்தையை வாங்கினாள்.